ஓடுகிற மனசுக்கு ஒரு நங்கூரம்!

வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, அம்பாளுக்குப் பூச்சூட்டி, லலிதா சஹஸ்ரநாமப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். முதல் இருபது, முப்பது நாமா வரை மனசு அம்பாளின் பாதத்திலேயே இருக்கிறது. அப்புறம் மெள்ள ஓர் எண்ணம்... 'இன்னிக்கு சிலிண்டர் வந்துடுமா?' அதைத் தொட்டு இன்னொன்று... 'புக் பண்ணி எத்தனை நாளாச்சு?' அங்கிருந்து மாமியாரின் மாத்திரை, பெண்ணின் ஸ்கூல் ஃபீஸ், போன வாரம் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை! வாய் மட்டும் தன்பாட்டுக்கு நாமாக்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. திடுக்கிட்டுப் பார்த்தால், பலஸ்ருதி வந்துவிட்டது!

சிரிக்கிறீர்கள், இல்லையா? எல்லார் வீட்டுப் பூஜையறையிலும் நடப்பதுதான்.

ஸ்லோகத்துக்கே இந்த கதி என்றால், தியானத்துக்குக் கேட்க வேண்டுமா? ஸ்லோகத்திலாவது பிடித்துக்கொள்ள வார்த்தைகள் இருக்கின்றன. தியானம் என்று கண்ணை மூடினால் அதுவும் இல்லை. இரண்டே நிமிஷத்தில் மனசு ஊரையே சுற்றிவிட்டு வந்துவிடுகிறது. 'எனக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது. பாவம் பண்ணின மனசு. ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது' என்று கண்கலங்கிச் சொன்ன சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். நாலு நாள் முயன்றுவிட்டு, ஐந்தாம் நாள் பாயைச் சுருட்டி வைத்தவர்கள் அநேகம் பேர். இந்த வாரம் அவர்களோடுதான் பேச்சு.

துரோணர் வைத்த பரீட்சை உங்களுக்குத் தெரியும். மரத்தில் ஒரு பொம்மைப் பறவை. 'என்ன தெரிகிறது?' என்று குரு கேட்கிறார். ஒருவனுக்கு மரம் தெரிகிறது. ஒருவனுக்குக் கிளை தெரிகிறது. இன்னொருவனுக்கு குருவும் தெரிகிறார், தம்பிமார்களும் தெரிகிறார்கள். அர்ஜுனனுக்கு மட்டும் குறியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை! மனசை ஒருமுகப்படுத்துவதற்கு இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்கிற கதை அதுதானே?

சரி... பகவத் கீதையின் ஆறாவது அத்தியாயத்தில், 'இந்த மனசை அடக்குவதும் காற்றைப் பிடித்துக் கட்டுவதும் ஒன்றுதான், கிருஷ்ணா!' என்கிற பொருளில் புலம்புகிறவர் யார்? சாட்சாத் அதே அர்ஜுனன்!

குறியைத் தவிர வேறெதையும் பார்க்காத வில்லாளிக்கே மனசு காற்றாகப் பறந்திருக்கிறது. நமக்குப் பறப்பதில் என்ன அதிசயம்?

பகவான் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. 'உண்மைதான், கஷ்டம்தான்' என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். பிறகு அப்யாசத்தாலும் வைராக்கியத்தாலும் அது வசப்படும் என்கிறான். அர்ஜுனன் வாய்திறந்து புலம்புவதற்கு முன்பே, அதே அத்தியாயத்தில் வழியையும் சொல்லிவிட்டான். மனசு எங்கெங்கே ஓடுகிறதோ, அங்கங்கேயிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வா என்பதுதான் அந்த வழி. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எத்தனை தடவைக்கு மேல் ஓடினால் உனக்குத் தகுதி இல்லை என்று பகவான் கணக்கு வைக்கவில்லை. ஓடினால் இன்ன தண்டனை என்றும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வா... அவ்வளவுதான்!

தவழுகிற குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுக் கீரை ஆய்கிறீர்கள். அது வாசற்படியை நோக்கிப் போகிறது. எழுந்து போய்த் தூக்கி வந்து பாயில் விடுகிறீர்கள். மறுபடி போகிறது, மறுபடி தூக்கி வருகிறீர்கள். 'நான் குழந்தை வளர்க்கவே லாயக்கில்லாதவள்' என்று எந்தத் தாயாவது அழுவாளா? தூக்கிக்கொண்டு வருவதுதான் குழந்தை வளர்ப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆரம்ப நிலையில் தியானமும் இப்படித்தான். 'அட, மனசு போய்விட்டதே!' என்று உங்களுக்கு உறைக்கிறது பாருங்கள், அந்தக் கணத்தில் நீங்கள் தோற்கவில்லை, விழித்துக்கொண்டுவிட்டீர்கள். பத்துத் தடவை ஓடிய மனசைப் பத்துத் தடவை கூட்டி வந்தால், பத்துத் தடவை தியானம் பயின்றதாகக் கணக்கு!

பதஞ்சலி மகரிஷி யோகத்துக்கு எட்டு அங்கங்கள் சொன்னார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்யாகாரம், தாரணை, தியானம், சமாதி. நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்த எட்டையும் விரித்துச் சொல்கிறார். எட்டையும் இங்கே விளக்க இடம் போதாது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். தியானம் ஏழாவது படி! அதற்கு முந்தையது தாரணை. ஒன்றைப் பற்றி நிற்கப் பழகுவது. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் மாதிரி, விட்டு விட்டு நடக்கும் முயற்சி அது. அறுபடாமல் ஒழுகும் எண்ணெய் மாதிரி மனசு ஓடினால், அப்போதுதான் தியானம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாம் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து செய்வதெல்லாம் தாரணைக்கான பழக்கம்தான். ஆறாவது படிக்குக் கீழே நின்றுகொண்டு, 'ஏழாவது படி வரவில்லையே' என்று அழுதால் எப்படி?

பற்றி நிற்பது என்றேனே... அது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கடற்கரைக்குப் போகலாம், வாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில் கிருமாம்பாக்கம் வரும். அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கிறது பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மீனவர் ஊர். (கொம்யூன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன சொல். நம் பக்கத்து ஒன்றியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!) இந்த மாதிரி ஊரில் கரையில் நின்று, கடலில் நங்கூரம் போட்டிருக்கிற ஒரு படகை ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருங்கள். அது ஆடாமல் நிற்கிறதா என்ன? அலை வந்தால் ஏறுகிறது, இறங்குகிறது, காற்று திரும்பினால் தானும் திரும்புகிறது. கயிறு விட்ட தூரத்துக்குப் போய்விட்டுக்கூட வருகிறது. ஆனால், தொலைந்து போகவில்லை. அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நங்கூரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'அலையே இல்லாத கடலில்தான் நங்கூரம் போடுவேன்' என்று எந்த மீனவரும் சொல்வதில்லை. அலை இருப்பதால்தானே நங்கூரமே!

'மனசில் எண்ணமே வரக் கூடாது. அதுதான் தியானம்' என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு நம் பெண்கள் அலையோடு சண்டைக்குப் போகிறார்கள். சண்டை வேண்டாம். நங்கூரத்தைப் போடுங்கள். உங்கள் இஷ்ட தெய்வத்தின் நாமம் ஒரு நங்கூரம். மூச்சு ஒரு நங்கூரம். விளக்குச் சுடர் ஒரு நங்கூரம். ஏதாவது ஒன்று போதும். தினம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

புதுச்சேரி மண்ணுக்கும் தியானத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகளின் ஜீவசமாதி இருக்கிறது. 1910-ம் ஆண்டு ஏப்ரல் 4-ம் தேதி இந்த ஊருக்கு வந்த ஸ்ரீஅரவிந்தர், 1950-ல் சமாதி அடையும் வரை நாற்பது வருடங்கள் இங்கேயே யோகத்தில் இருந்தார். அந்த மகானுக்கும் ஆரம்ப நாட்கள் என்று ஒன்று இருந்தது. அதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை!

1908-ம் ஆண்டின் தொடக்கம். சூரத் காங்கிரஸ் மாநாடு அமளியில் முடிந்திருந்த சமயம். தேசமே அரவிந்தரைத் திரும்பிப் பார்க்கிறது. பரோடாவில், விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற மராட்டிய யோகியோடு அவர் தனியறையில் அமர்கிறார். ஏற்கெனவே சில வருடங்களாக பிராணாயாமம் செய்து வந்தவர்தான். ஆனாலும், மேற்கொண்டு போக வழி தெரியாமல் நின்ற நேரம். லேலே பெரிய மந்திரம் எதையும் உபதேசித்துவிடவில்லை. 'உட்காருங்கள். மனசைப் பாருங்கள். எண்ணங்கள் வெளியிலிருந்து உள்ளே வருவது தெரியும். உள்ளே நுழைவதற்கு முன்பே தள்ளிவிடுங்கள்' என்ற கருத்தில்தான் சொன்னார். எண்ணம் வெளியிலிருந்து வருகிற ஒன்று என்பதே அரவிந்தருக்குப் புதுச் செய்தி! அது சரியா, தப்பா என்று வாதம் செய்யாமல், அப்படியே உட்கார்ந்து பார்த்தார். மூன்றே நாளில் மனசு மௌனமாகிவிட்டது என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

மூன்றே நாளா என்று மலைக்க வேண்டாம். அந்த வேகம் அவருடையது. நமக்கு மூன்று வருடம்கூட ஆகட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருக்குக் கிடைத்த பாடத்தை. எண்ணம் வேறு, அதைப் பார்க்கிற நான் வேறு. வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, காபி கலந்து கொடுத்து உட்கார்த்தி வைக்கிறவர்கள் யார்? நாம்தானே! நாத்தனார் சொன்ன வார்த்தை ஞாபகம் வருவது உங்கள் கையில் இல்லை. அதற்கு நாலு பதில் வார்த்தை தயார் பண்ணி, மனசுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம் நடத்துகிறோமே... அது நம் கையில் இருக்கிறது. வந்ததைப் பார்த்து, 'வந்தாயா... சரி' என்று விட்டுவிட்டு நாமத்துக்குத் திரும்பிவிட்டால், அது எத்தனை நேரம்தான் வாசலில் நிற்கும்?

'எல்லாம் சரி... எப்படி உட்காருவது, எப்போது உட்காருவது? அதைச் சொல்லுங்கள்!' என்கிறீர்கள். சொல்கிறேன்.

பிரம்ம முகூர்த்தம் உசத்திதான். ஆனால், ராத்திரி பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டுப் படுக்கிறவரை, நாலு மணிக்கு எழுந்து தியானம் பண்ணு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வீட்டுக்காரர் ஆபீஸ் கிளம்பிய பிறகு, வீடு கொஞ்சம் மூச்சு விடும் இல்லையா... அந்த நேரம் போதும். அல்லது, சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம், அதே இடம். சாப்பிட்டவுடன் வேண்டாம், தூக்கம்தான் வரும்.

வெறுந்தரையில் உட்காராமல், பாயோ ஜமுக்காளமோ விரித்துக்கொள்ளுங்கள். சம்மணம் போட்டு உட்கார முடியுமானால் நல்லது. முழங்கால் வலியா? தாராளமாக நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைப்பாக வேண்டாம். கைகளை மடியில் வையுங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு, மூன்று மூச்சை நிதானமாக விடுங்கள். அப்புறம் மூச்சை அதன் போக்கிலேயே விட்டுவிட்டு, வருவதையும் போவதையும் மூக்கு நுனியில் கவனியுங்கள். உள்ளே வரும்போது 'ராம'. வெளியே போகும்போது 'ராம'. முருகா என்றோ, சிவசிவ என்றோ உங்களுக்குப் பழகிய நாமம் எதுவானாலும் சரி. வாய் அசைய வேண்டாம். மனசு ஓடும். ஓடட்டும். தெரிந்தவுடனே, அலட்டிக்கொள்ளாமல் அடுத்த மூச்சின் நாமத்துக்கு வந்துவிடுங்கள்.

ஐந்து நிமிஷம் போதும்! முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கால் மரத்துப்போய், மறுநாள் பயந்துபோய் விடுவதைவிட, ஐந்து நிமிஷத்தை ஒரு மண்டலம் விடாமல் செய்வது மேல். நாற்பத்தெட்டு நாட்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் தொடருங்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தோஷம் என்றெல்லாம் பயப்படாதீர்கள். முடித்ததும் சட்டென்று எழுந்து ஓடாமல், உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மெதுவாக எழுந்திருங்கள்.

விலக்கு நாட்களில் செய்யலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. மூச்சுக்கு ஏது விலக்கு? மனசுக்குள் சொல்லும் நாமத்துக்கு ஏது தடை? உங்கள் வீட்டு வழக்கப்படி பூஜையறைக்குள் போக மாட்டீர்கள் என்றால், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து செய்யுங்கள். அந்த நாட்களில்தான் கொஞ்சம் உட்கார நேரமும் கிடைக்கிறது!

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். மூச்சை அடக்கி நிறுத்துகிற பயிற்சிகளை, டி.வி.யைப் பார்த்தோ செல்போன் வீடியோவைப் பார்த்தோ நீங்களாகச் செய்யாதீர்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். கும்பகம் எல்லாம் குருவின் பக்கத்தில் இருந்து கற்க வேண்டியவை. நான் இங்கே சொன்னது மூச்சைப் பார்ப்பது மட்டும்தான். பிடிப்பதல்ல. அதேபோல பட்டினி. 'இன்னிக்கு முழு விரதம், தியானம் நன்றாக வரும்' என்று நினைப்போம். கீதையோ, அதிகம் சாப்பிடுகிறவருக்கும் யோகம் இல்லை, சாப்பிடாமலே இருப்பவருக்கும் இல்லை என்கிறது. தூக்கத்துக்கும் அதே அளவுகோல்தான்.

தூக்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. 'உட்கார்ந்த உடனே தூங்கி விழறேன்' என்பது அடுத்த பெரிய புகார். உங்களுக்கு வேண்டியது தூக்கம் என்று உடம்பு சொல்கிறது, அவ்வளவுதான்! ஒரு வாரம், மதியம் அரை மணி நேரம் குற்ற உணர்ச்சி இல்லாமல் படுத்துத் தூங்குங்கள். அப்புறம் தியானத்துக்கு வாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு உண்டு, உங்களுக்கு மட்டும் கிடையாதா என்ன?

இன்னொரு விதமான சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. கண்ணை மூடினாலே பயம் வருகிறவர்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி நம் கரைகளைத் தாக்கியது. நாகப்பட்டினம், கடலூர், காரைக்கால், புதுச்சேரி என்று எத்தனை ஊர்கள், எத்தனை உயிர்கள்! அதைக் கண்ணால் பார்த்த ஒரு தாயிடம் போய், 'கண்ணை மூடி, அலை ஓசையைக் கேட்டு அமைதியாக இருங்கள்' என்று சொல்ல முடியுமா? ஊரில் இருக்கிற நமக்கு அலை ஓசை தாலாட்டு. அவருக்கு அது வேறு ஒன்று. கடலோரத்தில் மட்டும் இல்லை. ஒரு விபத்து, ஓர் இழப்பு, வெளியில் சொல்ல முடியாத ஒரு வேதனை... இப்படி உள்ளே பொத்தி வைத்திருப்பவர்கள் கண்ணை மூடினால், அது மேலே வந்து நிற்கும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கண்ணைத் திறந்து கொள்ளுங்கள். பாதம் தரையில் பதிந்திருப்பதை உணருங்கள். அறையில் இருக்கிற விளக்கையோ, துளசி மாடத்தையோ பாருங்கள். வாய்விட்டு, காது கேட்க நாமம் சொல்லுங்கள். திறந்த கண்ணோடு செய்வதும் தியானம்தான்.

அப்படியும் பயமோ, துக்கமோ, தூக்கமின்மையோ வாரக்கணக்கில் விடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். மனசுக்கு வைத்தியம் செய்துகொள்வது தெய்வ நம்பிக்கைக் குறைவு ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வைத்தீஸ்வரனைக் கும்பிடவில்லையா நாம்? மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். தியானத்தைக் காரணம் காட்டி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இதைத் தடித்த எழுத்தில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

இப்போதெல்லாம் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று ஒரு வார்த்தை நிறையக் காதில் விழுகிறது. உங்கள் பெண்ணோ மருமகளோ ஆபீஸில் வகுப்பு வைத்தார்கள் என்று வந்து சொல்லியிருப்பார்கள். புத்த பகவான் சொன்ன 'சதி' என்கிற விழிப்பு நிலைதான் அதன் வேர். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக அதை எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார். மன இறுக்கத்துக்கும் வலியைத் தாங்குவதற்கும் ஓரளவு உதவுகிறது என்று ஆராய்ச்சிகளிலும் தெரிய வந்திருக்கிறது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபை டிசம்பர் 21-ம் தேதியை உலக தியான தினமாகவே அறிவித்துவிட்டது. வியட்நாமைச் சேர்ந்த திக் நாட் ஹான் என்ற புத்த பிக்ஷு (2022-ல் காலமானார்), பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதில் மட்டும் மனசு இருக்கட்டும் என்று உலகம் முழுக்கப் போய் போதித்தார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் ரமண பகவானின் சமையற்கட்டு கண்ணில் வந்து நிற்கிறது. திருவண்ணாமலை ஆசிரமத்தில் பல வருடங்கள் விடியற்காலையிலேயே எழுந்து வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கியவர் பகவான். சமைத்தவர். ஒரு தானியம் கீழே விழுந்தாலும் பொறுக்கி எடுக்கச் சொன்னவர். அவரோடு அந்தச் சமையற்கட்டில் வேலை செய்தவர்களில் கணவரை இழந்த பெண்களும் இருந்தார்கள். தியான ஹாலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்ததற்குக் குறைவாகவா அவர்களுக்குக் கிடைத்திருக்கும்? நான் அப்படி நினைக்கவில்லை. வேதாத்திரி மகரிஷியும் இல்லறத்தில் இருந்தவர்தான். குடும்பத்தில் இருப்பவர்களை நினைத்தே மனவளக்கலையை அமைத்தார்.

உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு தியானம் இருக்கிறதே... கோலம்! சிக்குக் கோலம் போடும்போது கவனித்திருக்கிறீர்களா? பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு என்று வைத்துவிட்டு இழையை வளைக்க ஆரம்பித்தால், எந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதிலேயே மனசு நிற்கும். பக்கத்து வீட்டு மாமி வந்து பேச்சுக் கொடுத்தால்தான் இழை தப்பும். தப்பினால், விரலால் அழித்துவிட்டு அதே இடத்திலிருந்து தொடர்வீர்கள். முழுக்கோலத்தையும் தண்ணீர் ஊற்றி அழித்துவிட்டு, 'எனக்குக் கோலமே வராது' என்று உள்ளே போக மாட்டீர்கள்! மார்கழி முழுக்க இதைச் செய்த கைதானே... அதே பக்குவத்தைக் கண்மூடி உட்காரும் ஐந்து நிமிஷத்துக்கும் கொண்டு வாருங்கள்.

கோலத்தோடு நிறுத்த வேண்டாம். நாளைக்கு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைவது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் குளிர்ச்சி, விரலுக்குள் அரிசி நழுவுவது, கழுநீர் வெள்ளை வெளேரென்று வருவது... இரண்டு நிமிஷம் அதில் மட்டும் இருங்கள். அந்நேரம் செல்போன் வேறு அறையில் கிடக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் 'காலை வணக்கம்' சாமி படங்கள் எங்கும் ஓடிப்போய்விடாது.

கோயிலுக்குப் போனால் தரிசனம் முடிந்து சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று நம் பெரியவர்கள் பழக்கி வைத்திருக்கிறார்கள். எதற்காம்? 'உட்காராமல் வந்தால் பலன் இல்லை' என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நாமும் உட்காருகிறோம். உட்கார்ந்து... புடவை எங்கே எடுத்தது, பையனுக்கு வரன் அமைந்ததா என்று பேசிவிட்டு எழுந்து வருகிறோம்! கண்ணால் பார்த்த ஸ்வாமியை மனசுக்குள் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளக் கிடைத்த நேரம் அது. தீபாராதனையில் பார்த்த முகத்தை, மாலையை, நெற்றித் திலகத்தை ஒவ்வொன்றாகக் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டோம் என்பது அப்போதுதான் தெரியும்.

புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள், கடலூர் சாலையில் கன்னியக்கோயிலில் திரும்பி பாகூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். பெரிய ஏரி உள்ள ஊர். 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாகத் தரப்பட்ட செய்தியை பாகூர் செப்பேடுகள் சொல்கின்றன. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே பிள்ளைகள் கூடிப் படித்த மண்! சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள மூலநாதர் ஆலயம் இங்கேதான் இருக்கிறது. அம்பாளின் திருநாமம் வேதாம்பிகை. மூலவரையும் அம்பாளையும் தரிசித்துவிட்டு, பிராகாரத்தின் தென்புறம் வாருங்கள். சிவாலயங்களில் தட்சிணாமூர்த்தியின் இடம் அது. வாய் திறக்காமலேயே சீடர்களின் சந்தேகத்தைத் தீர்த்த குரு அவர்! வயதான சனகாதி முனிவர்கள் கீழே. இளைஞரான குரு மேலே.

வியாழக்கிழமையானால் கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் வஸ்திரமுமாகக் கூட்டம் இருக்கும். சாதாரண நாளில், வெயில் தாழ்ந்த பிறகு போனால் அமைதியாக இருக்கும். நடை திறக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கூட வந்தவர்களிடம், 'ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரப் போகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். குழந்தை கையைப் பிடித்து இழுத்தால் இழுக்கட்டும், அதுவும் ஓர் அலைதான். மூச்சு உள்ளே வரும்போது ஒரு நாமம், வெளியே போகும்போது ஒரு நாமம். பஸ்ஸுக்கு நேரமாச்சோ என்று மனசு கன்னியக்கோயில் வரைக்கும் ஓடிவிட்டு வரும்; வந்ததும், விட்ட இடத்திலிருந்து நாமத்தைத் தொடருங்கள்.